உதைக்கிற கியர்பாக்ஸ்

மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அதே வண்டி பின்பக்கமாக உருள ஆரம்பித்தால் ஹாரன் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதியை நான் கேட்டிருக்கிறேன். கேட்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். அன்றைக்கு என் பிக்கப் வண்டியின் பின்னால் ஜெனரேட்டர் ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு பரவையிலிருந்து மதுரைக்குள் வந்துகொண்டிருந்தேன். பாலத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் உறுமியது, முள் மேலே போனது, வண்டி போகவில்லை. இன்னும் மிதித்தேன். இன்ஜின் அலறியது. வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு, வந்த வழியே போய்விடலாம் என்று முடிவு செய்தது.

ஆபத்தில்தான் ஆம்பளையின் சமயோசிதம் தெரியும் என்பார்கள். நான் வைப்பரைப் போட்டேன். பங்குனி வெயிலில் கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று இழுத்தது. அடுத்து இடது காலால் கிளட்சைத் தேடினேன். என் வண்டி ஆட்டோமேட்டிக். அதில் கிளட்ச் மிதியே கிடையாது. இல்லாத மிதியை, முழங்கால் போன காலால், மிதி மிதியென்று மிதித்தேன். கடைசியில் வலது காலுக்குத்தான் புத்தி வந்து பிரேக்கை அமுக்கியது. ட்ரெய்லர் லேசாகக் கோணிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோவின் மூக்குக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். ஒல்லியான ஆள்.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவர்கள் எங்கிருந்தோ கல் கொண்டுவந்து சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, டீசல் இல்லையா?"

"எல்லாம் இருக்கு. போறதுக்குத்தான் மனசு இல்ல."

"வண்டிக்கா, ஒங்களுக்கா?"

என் இடது கால் இன்னும் இல்லாத மிதியை மிதித்துக்கொண்டிருந்தது. அதை அவர் பார்த்துவிட்டார். வைப்பரையும் பார்த்தார். கையை உள்ளே விட்டு அவரே அதை நிறுத்தினார்.

ஒரு டிராக்டரைப் பிடித்து ஜெனரேட்டரை மண்டபத்துக்கு அனுப்பியது என் மனைவி. எங்கள் தொழிலில் போன் எடுப்பது, புக்கிங் எழுதுவது, தேதி கொடுப்பது எல்லாம் அவள்தான். இழுப்பது மட்டும் நான். ஸ்கூட்டியில் பாலத்துக்கு வந்து இறங்கியவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ இது ரோட்டுல நின்னுச்சுன்னா வித்துருவோம். சரின்னு சொல்லுங்க."

"அதெப்படி, ஒரு தடவைக்கே..."

"சரின்னு சொல்லுங்க."

சரி என்றேன். பாலத்து நடுவில், கல் முட்டுக் கொடுத்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு எதைச் சொல்ல முடியும்?

அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு கிளட்ச் வண்டியை என்னால் ஓட்ட முடியாது. இந்த ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்றுதான் எனக்குத் தோது. இது போய்விட்டால் டிரைவரும் வேறு வண்டியும் போட்டுத் தொழில் நடக்கும், அதில் குறை வராது. ஆனால் நான் ஷெட்டில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, போகிற வண்டிக்கு டாட்டா காட்ட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் காரணம், வண்டிக்குச் சக்தி பத்தாமல் போனது இல்லை. கூடிப்போனது. பெரிய ஜெனரேட்டர் வாங்கியதும் வண்டி கொஞ்சம் முக்கியது. என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, லேப்டாப்பும் வயருமாக வந்தான். "மச்சான், இன்ஜின் பாதித் தூக்கத்துல இருக்கு. நான் எழுப்பி விடுறேன்" என்றான். ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் சொருகி எதையோ தட்டினான். இன்ஜின் எழுந்தது. எழுந்தது என்றால் அப்படியொரு எழுச்சி. திண்டுக்கல் ரோட்டில் பஸ்ஸை முந்திக்கொண்டு போகும்போது டிரைவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனேன். அந்தச் சிரிப்பு பாலம் வரைக்கும் வந்தது.

"எழுப்பிவிட்ட ஆளு எங்க?" என்று கேட்டாள் மனைவி.

அவள் தம்பி போனை அணைத்து வைத்திருந்தான்.

வண்டியைச் செல்லூரில் ஒரு பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போனோம். சந்துக்குள் சந்து. ஒரு பக்கம் விசைத்தறிக் கூடம், மறுபக்கம் இன்னொரு விசைத்தறிக் கூடம், நடுவில் இந்தப் பட்டறை. தறிகள் ஓடும்போது எதிரில் இருப்பவர் வாய் அசைவதுதான் தெரியும். அதனால் மெக்கானிக் கரண்ட் போகும்வரை காத்திருந்துதான் கியர்பாக்ஸ் சத்தத்தைக் கேட்பார். கரண்ட் போனால் சந்தே முகம் சுளிக்கும், இவர் மட்டும் "வாங்கண்ணே, வாங்கண்ணே" என்று ஓடிவருவார்.

அவர் என்னைவிடக் கொஞ்சம் இளையவர். வாய் என்னைவிடப் பெரிது. கியர்பாக்ஸிலிருந்து வழித்த எண்ணெயை விரலில் தொட்டு என் மூக்குக்கு நேராக நீட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், கருகிப்போன குழம்பு மாதிரி இருந்தது. வாசமும் அப்படித்தான்.

"கிளட்சு கருகிருச்சுண்ணே."

"இதுல கிளட்சே கிடையாதே. ஆட்டோமேட்டிக்தான?"

"ஒங்க காலுக்குக் கீழ கிடையாது. உள்ள அடுக்கடுக்கா இருக்கு. நீங்க மிதிக்கல, அதே மிதிச்சுக்குது."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன். என் கால் விட்ட வேலையை உள்ளே ஒரு கூட்டமே இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவர் விளக்கினார். இன்ஜினின் இழுப்பு, முன்னால் இருக்கிற கன்வெர்ட்டரில் சுழலும் எண்ணெய் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குள் வருகிறது. உள்ளே தட்டுத் தட்டாக கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துச் சக்கரத்துக்கு அதைக் கடத்துகின்றன. அவற்றை இறுக்குவதும் எண்ணெயின் அழுத்தம்தான். இன்ஜின் கொடுக்கிற இழுப்பு அந்தப் பிடியைவிடக் கூடினால் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூடானால் கருகும்.

"இன்ஜினுக்கு மட்டும் கறிச்சோறு போட்டிருக்கீங்க. கியர்பாக்ஸு பழைய கஞ்சியக் குடிச்சிட்டு அதோட மல்லுக்கட்டுது. எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?"

"அப்ப இன்ஜினைப் பழையபடி ஆக்கிருவோமா?"

"அப்பறம் பெரிய ஜெனரேட்டர யாரு இழுப்பா? கியர்பாக்ஸயும் தேத்துவோம். பிளேட்டக் கூட்டுவோம், தடிச்ச ஸ்பிரிங்கப் போட்டு அழுத்தத்த ஏத்துவோம், எண்ணெய் ஆறுறதுக்குப் பெரிய கூலர் வைப்போம். முன்னால இருக்கிற கன்வெர்ட்டரயும் பலமானதா மாத்திருவோம். ஒங்க மச்சினன வரச்சொல்லுங்க, மொத ரெண்டு கியர்ல மட்டும் இன்ஜினக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லணும்."

"இதுக்கு முன்னால செஞ்சிருக்கீங்களா?"

"கியர்பாக்ஸு எம்புட்டோ இறக்கியிருக்கேன். இம்புட்டுப் பவருக்குத் தேத்துனதில்ல." கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதாண்ணே மொதப் போணி."

டாக்டர் இப்படிச் சொல்லியிருந்தால் நான் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகக் குதித்திருப்பேன். இங்கே "நல்லது" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் குடித்தேன்.

பரவை மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர் வீட்டுக் கல்யாணம் வந்துகொண்டிருந்தது. மண்டபம் கீழக்குயில்குடிப் பக்கம். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், அதற்கு முன்னால் ஜெனரேட்டர் போய்ச் சேர வேண்டும். போகிற வழியில் அதே பாலம். மதுரையைச் சுற்றித் தட்டையான பூமி. ஏற்றம் என்றால் பாலத்தில்தான். ஆனால் அந்தப் பாலங்களில் ஒன்று தப்பாமல் என் வழியில்தான் படுத்திருக்கிறது.

கியர்பாக்ஸ் பிரித்துக் கிடந்தது. ஸ்பிரிங் வந்தது, கூலர் வந்தது, கன்வெர்ட்டரும் வந்தது. கிளட்ச் பிளேட் மட்டும் சென்னைக் கடையில் சொல்ல வேண்டும். "நீங்க வேலையப் பாருங்க, நான் பேசிக்கிறேன்" என்று போனை வாங்கினேன். நாலு பேரிடம் பேசிச் சிரிக்கவைத்துக் காரியம் சாதிக்கிற ஆள் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு. இரண்டு தறிக் கூடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கத்தினேன்.

"ஆட்டோ கியர்பாக்ஸுக்குக் கிளட்ச் பிளேட்டு வேணும்! ஹெவியா!"

"ஆட்டோவுக்கா? டீசலாண்ணே?"

"டீசல்தான்!"

"லோடு அடிப்பீங்களா?"

"லோடு அடிக்கத்தான் கேக்குறேன்! சாதா பிளேட்டு கருகிப்போச்சு!"

"புரிஞ்சிருச்சுண்ணே. நம்மகிட்ட ஹெவி டூட்டி இருக்கு. பார்சல்ல போட்டு விட்டுர்றேன்."

எவ்வளவு தெளிவான மனிதர் என்று மெக்கானிக்கிடம் பாராட்டிச் சொன்னேன்.

பார்சல் வந்தது. பெட்டியைத் தூக்கும்போதே எடை குறைவாக இருந்தது. புதுத் தொழில்நுட்பம், லேசாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெக்கானிக் பிரித்தார். உள்ளே ஆப்பம் சைஸில் பிளேட்டுகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றது. அவர் சொன்னது சந்து முழுக்கக் கேட்டது.

"அண்ணே, இது ஆட்டோ பிளேட்டு."

"ஆட்டோ பிளேட்டுதான கேட்டேன்?"

"ஆட்டோமேட்டிக்குன்னு கேட்டீங்களா, ஆட்டோன்னு கேட்டீங்களா?"

நம் ஊரில் ஆட்டோ என்றால் மூன்று சக்கரம். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். டீசலா என்று கேட்டான், டீசல்தான். லோடு அடிப்பீர்களா என்று கேட்டான், அடிப்பேன்தான். அவன் கேட்டதெல்லாம் சரி, நான் சொன்னதெல்லாம் சரி, வந்தது மட்டும் லோடு ஆட்டோவின் கிளட்ச். தறிக் கூடத்து வாசலில் நின்றவர் சிரித்த சிரிப்பில் கரண்டே திரும்பி வந்துவிடும் போலிருந்தது.

"விடுங்கண்ணே, இத வச்சு நாளப்பின்ன ஷேர் ஆட்டோ ஓட்டலாம்" என்றார் மெக்கானிக்.

"அதுவும் சரிதான், அதுல கிளட்சு கையிலதான. முழங்காலுக்கும் தோது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுபடி போன் செய்து, இந்தத் தடவை 'மேட்டிக்', 'மேட்டிக்' என்று அழுத்திச் சொல்லி, சரியான பிளேட் வந்து சேர்ந்தபோது கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை ஆகிவிட்டது. மெக்கானிக் நிமிராமல் பூட்டினார். மச்சினன் லேப்டாப்போடு வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், முதல் இரண்டு கியர்களில் இன்ஜினை அடக்கி வைத்தான். சிவப்பு எண்ணெய் ஊற்றினோம். மத்தியானம் வண்டி தரையில் இறங்கியது.

"வெறும் வண்டியா ஒரு வாரம் ஓட்டணும்ணே. அப்பத்தான் பிளேட்டு பழகும்" என்றார் மெக்கானிக்.

"சாயங்காலம் ரிசப்ஷன்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். கீழக்குயில்குடியிலிருந்து ஒரு டிராக்டரை வரவழைத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம், அடிவாரத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தாள். வண்டி நின்றால் டிராக்டர் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு போய்விடும், கல்யாணத்துக்கு ஒரு குறையும் வராது. என் வண்டி மட்டும் பாலத்திலிருந்து நேராக புரோக்கரிடம் போகும். இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். வாழைக்காய் நறுக்குகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"நானும் கூட வாரேன்" என்றாள்.

"எதுக்கு? நம்பிக்கை இல்லையா?"

"நிக்குதா இல்லையான்னு நான் பார்க்கணும்ல. நீங்க கதைய மாத்திருவீங்க."

கிளம்புமுன் மெக்கானிக் ஜன்னலில் கை வைத்து இரண்டு விஷயம் சொன்னார். புதிதாகப் பொருத்திய எண்ணெய்ச் சூட்டு முள் சிவப்புக்குள் போனால் யோசிக்காமல் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று, கியர் மாறும்போது வண்டி உதைக்கும். "அழுத்தத்த ஏத்தியிருக்கோம்ல, 'ணங்'குனு விழும். பயப்படாதீங்க. உதைக்கிற வரைக்கும் நல்லா இருக்குன்னு அர்த்தம். உதைக்காம வழுவழுன்னு மாறுச்சுன்னா, அப்பப் பயப்படுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக உதை வாங்குவதற்கு ஏங்கிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

பரவை ஷெட்டில் ட்ரெய்லரை மாட்டினோம். நகர்ந்ததும் முதல் உதை. மனைவியின் கைப்பை மடியிலிருந்து கீழே விழுந்தது. "என்னங்க இது!" என்றாள். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றேன். இரண்டாவது உதைக்கு அவள் தண்ணீர் பாட்டில் விழுந்தது. "இதுவும் நல்லா இருக்கா?" "ரொம்ப நல்லா இருக்கு." நான் சொல்லச் சொல்ல என் முதுகில் வியர்வை ஓடியது. ஏசி முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்குச் சுமை குறையட்டும் என்று அதையும் அணைத்தேன். இப்போது வியர்க்க ஒரு நியாயமான காரணம் கிடைத்தது.

பாலத்தடியில் டிராக்டர் நின்றது. அதன் டிரைவர் மட்கார்டில் சாய்ந்துகொண்டு நுங்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கழுகு மாதிரி என்று சொல்லக் கூடாது, நல்ல மனிதர். ஆனால் அந்த நேரத்தில் கழுகு மாதிரிதான் இருந்தது. எங்கள் பின்னாலேயே மெதுவாக ஏறினார்.

ஏற்றம் ஆரம்பித்தது. வண்டி இழுத்தது. இன்ஜின் சத்தம் கூடிய அளவுக்கு வேகமும் கூடியது. நான் மூச்சு விட வாயைத் திறந்தேன். அப்போது முன்னால் போன மினி பஸ், சரியாகப் பாதி ஏற்றத்தில், போன தடவை நான் வைப்பர் போட்ட அதே இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நின்றது. அதற்கு முன்னால் என்னவோ, அதற்கும் முன்னால் என்னவோ. பாலம் முழுக்க நெரிசல்.

பிரேக்கை அழுத்தினேன்.

"நின்னுருச்சு!" என்றாள் மனைவி.

"நிக்கல. நிப்பாட்டியிருக்கேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"நின்னா, அது வண்டி செஞ்சது. நிப்பாட்டுனா, அது நான் செஞ்சது."

"ரெண்டுலயும் நாம பாலத்துலதான இருக்கோம்?"

வாதத்தில் அவளை நான் ஜெயித்ததில்லை. அன்றைக்கு ஜெயித்தே ஆக வேண்டும். பஸ் முன்னால் நிற்பதை விரலால் காட்டினேன். விரல் நடுங்கியது, அதனால் பஸ், பக்கத்து லாரி, கைப்பிடிச் சுவர் என்று எல்லாவற்றையும் காட்டியது.

சூட்டு முள் ஏறிக்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் ஜெனரேட்டர், அதன் பின்னால் டிராக்டர், அதன் பின்னால் ஊரே. நிற்கிற வண்டியை ஏற்றத்தில் பாரத்தோடு கிளப்புவதுதான் கியர்பாக்ஸுக்குப் பெரிய சோதனை என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதை முதல் நாள் செய்யவே வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். இடது கால் தானாகத் தரையில் எதையோ தேட ஆரம்பித்தது. அதை இடது கையால் தொடையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"இல்ல. சும்மா இருக்கச் சொல்றேன்."

மினி பஸ் நகர்ந்தது. பின்னால் ஹாரன்கள் தொடங்கின. கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோனேன், பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைத்தேன். இன்ஜின் உறுமியது. வண்டி ஒரு சாண் பின்னால் போனது. ஒரு சாண்தான். என் மனைவி கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட நினைத்தேன், பெயர் வரவில்லை. ஹாரன்கள் அடங்கிவிட்டன. நான் இன்னும் கொஞ்சம் மிதித்தேன். உள்ளே எங்கோ தட்டுகள் ஒன்றையொன்று கவ்வுவதைப் பாதத்தில் உணர்ந்தேன். உருளல் நின்றது. வண்டி ஒரு கணம் அப்படியே தொங்கியது. பிறகு முன்னால் போனது.

போனது. மெதுவாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு போனது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கியர் மாறியது. ணங். இரண்டு பேர் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வந்தன.

"உதைச்சிருச்சு!" என்று கத்தினேன். "பார்த்தியா, உதைச்சிருச்சு!"

"உதைச்சதுக்கு ஏங்க அழுறீங்க?"

வியர்வை என்றேன். ஏசி போடவில்லையல்லவா.

மண்டபத்தில் ட்ரெய்லரைக் கழற்றும்போது டிராக்டர்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "அப்ப நான் கெளம்பவாக்கா?" என்று என் மனைவியிடம் கேட்டார். பந்தலில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவர் போனதும் குனிந்து என் வண்டிக்கு அடியில் பார்த்தாள். உள்ளே சூட்டு முள் நடுவுக்கு இறங்கியிருந்தது. தரையில் எண்ணெய் ஒரு பொட்டுகூட இல்லை. நானும் வெள்ளை வேட்டியோடு படுத்துப் பார்த்தேன். எழுந்தபோது வேட்டியில் ஒட்டிய மண்ணை அவளே தட்டிவிட்டாள். அதுவே பெரிய விஷயம்.

வண்டியை விற்பதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். வாழை மரத்துக்குப் பக்கத்தில் நின்று கைப்பையை உதறிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்தாள். யாரோ வைகாசியில் ஒரு தேதிக்குப் பெரிய ஜெனரேட்டர் கேட்டார்கள். தேதியைச் சொல்லிச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டாள். வழக்கமாக அடுத்து மண்டபத்தின் பெயரைத்தான் கேட்பாள்.

"அண்ணே, நீங்க இருக்கிற பக்கம் வர்றதுக்குப் பாலம் ஏறணுமா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என் முழங்காலையும் பார்த்தாள்.

"பரவால்ல. வீட்டுக்காரரே கொண்டு வருவாரு" என்றாள். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நான் வரல."